துபாய் விசாவும் என் ஒற்றைப் பெயரும்

துபாய் போக விசா கேட்டால் விண்ணப்பம் திரும்பித் திரும்பி வந்தது. காரணமும் சொல்லவில்லை. முதலில் போட்டோவை மாற்றினேன், தண்டச் செலவு. அப்புறம் சந்தேகம் பெயர்மேல் திரும்பியது. என் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலி. அப்பா பெயர் இனிஷியலோடு நின்றுவிடும் ஊர் நம்முடையது. விசா விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்தோம், என் பெயரையே இரண்டு முறை போட்டோம். ம்ஹும்.

2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர்க்காரர்களை விசிட் விசாவில் அமீரகத்துக்குள் விடுவதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் அது முகவரி அச்சாகும் கடைசிப் பக்கம். ஏஜென்ட் போட்டோ பக்கத்தை மட்டும்தான் அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினோம். விசா வந்துவிட்டது, அப்பாடா! செக்-இன் கவுன்டரிலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள்.