108-இல் இஎம்டி ஆவது எப்படி? (ஓடும் வண்டியில் பிபி பார்ப்பது வரை)

நான் படித்தது பி.எஸ்சி. விலங்கியல். நர்சிங் படிக்காமல் 108 ஆம்புலன்ஸில் இஎம்டியாக (வண்டியில் நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவ உதவியாளராக) சேர முடியுமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடியும். 2008-இல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். சைரன் கேட்டால் சைக்கிளை ஓரம் கட்டுவதோடு சரி.

1. தகுதி

பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். (இவையும் நர்சிங் படிப்புகள்தான்), டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டிப்ளமோ) படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டம் இருந்தாலும் போதும். ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் வயது பெரும்பாலும் 19 முதல் 30 வரை இருக்கும். முகாமுக்கு அசல் சான்றிதழ்களோடு போங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

2. தேர்வு

எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் ஆகியவற்றிலிருந்து கேட்பார்கள். விலங்கியல்காரர்களுக்கு முதல் பகுதி பழக்கமானதுதான். மற்ற இரண்டையும் உட்கார்ந்து படியுங்கள்.

3. பயிற்சி

வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்த்து சுமார் 50 நாள். சிபிஆரில் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) 30 அழுத்தம், 2 மூச்சு. ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். பொம்மையில் பழகும்போதே வாய்விட்டு எண்ணுங்கள். மனசுக்குள் எண்ணினால் பதற்றத்தில் வேகம் எகிறிவிடும்.

4. பிபி (என்னைக் கவிழ்த்த இடம்)

வகுப்பில் ஸ்டெத் வைத்து அழகாக பிபி பார்த்தவன் நான். முதல் ஷிப்டில் கஃபை (கையில் கட்டிக் காற்றேற்றும் பட்டை) சுற்றி, ஸ்டெத்தைக் காதில் மாட்டினால் டயர் சத்தமும் சைரனும்தான் கேட்டன. முள் இறங்கிக்கொண்டே போகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவது முறையும் அதே கதை. பைலட் அண்ணன் (108-இல் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) கண்ணாடியில் பார்த்துவிட்டு, “தம்பி, காதை விடு, கையை வை” என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடியைப் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலால் பிடிக்காதீர்கள்; அதில் உங்கள் நாடியே துடிக்கும். காற்றை ஏற்றுங்கள். நாடி மறைந்த பிறகும் 20, 30 கூடுதலாக ஏற்றி, மெதுவாக இறக்குங்கள். துடிப்பு மறுபடி விரலில் தட்டும் இடம்தான் மேல் அளவு. கீழ் அளவு இந்த முறையில் கிடைக்காது. 110/பி (பி என்றால் பால்பேஷன், விரலால் தொட்டுப் பார்த்தது) என்று எழுதினால் ஜிஹெச்சில் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. நோயாளியின் கையை ஸ்ட்ரெச்சர் கம்பியில் வைத்தால் வண்டியின் அதிர்வு முழுக்க அதில் ஏறும். அந்தக் கையை உங்கள் தொடைமேல் வைத்துக்கொண்டு, உங்கள் குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி, முன்பாதத்தில் ஊன்றுங்கள். பாதி அதிர்வு உங்கள் காலோடு நின்றுவிடும்.

பையில் என்ன வைக்கலாம்?

விலை உயர்ந்த ஸ்டெத் தேவையே இல்லை. வினாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம் வாங்குங்கள். ரத்தம் பட்ட கையுறையோடு செல்போனை எடுக்க முடியாது. ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டரைத் தொடையில் ஒட்டி நாடி, பிபி, நேரம் மூன்றையும் அதிலேயே குறித்துக்கொள்வேன். தாள் பறக்கும், இது பறக்காது.

பின்சேர்க்கை 1: “தானியங்கி மெஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டிருந்தார்கள். மெஷினையும் போடுங்கள். ஆனால் அது கஃபில் வரும் அதிர்வைத்தான் அளக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் குழம்பும். ஆள் வெளிறி வியர்த்துக் கிடக்க, மெஷின் 140 காட்டினால் நான் என் விரலைத்தான் நம்புவேன்.

பின்சேர்க்கை 2: டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா, நான் எழுதாமல் விட்டதைச் சரியாகப் பிடித்தார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் கஃப் கட்டவே கூடாது, அது அடைத்துப்போகலாம். அந்த இடத்தைத் தொட்டால், வைப்ரேட் மோடில் இருக்கும் செல்போனைத் தொட்டதுபோல் ஒரு அதிர்வு தெரியும். தெரிந்தால் மறு கைக்கு மாறுங்கள். இப்போதெல்லாம் சட்டைக் கையை மடிக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: “ஐயா, டயாலிசிஸ் எதுவும் பண்றீங்களா?”