நாடாளுமன்றத்தில் அமைச்சர் தந்த பதிலைத் தேடி எடுத்துப் படிப்பது எப்படி?

மதுரை எய்ம்ஸ் எப்போது முடியும்? எங்கள் ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் ரயில் ஏன் நிற்பதில்லை? கீழடி ஆய்வறிக்கை என்ன ஆனது? இப்படி நாம் டீக்கடையில் கேட்கும் பல கேள்விகளை யாரோ ஒரு எம்.பி. ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் கேட்டிருப்பார். அமைச்சரும் எழுத்தில் பதில் தந்திருப்பார். மறுநாள் பத்திரிகையில் அதிலிருந்து நான்கு வரி வரும். மீதி இரண்டு மூன்று பக்கங்களை யாரும் தொடுவதில்லை. அந்தப் பக்கங்களை நீங்களே எடுத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம். கணினியோ கைபேசியோ போதும், கட்டணம் எதுவும் கிடையாது.

முதல் படி: எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள்

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்குத் தொடங்கும். மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு. கேள்விகளில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும்தான். மக்களவையில் ஒரு நாளுக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 கேள்விகள் பட்டியலிடப்படும். மாநிலங்களவையில் அவை 15, 160. நட்சத்திரக் கேள்விகளில் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுவது சிலவே. எஞ்சியவற்றுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும்.

துணைக் கேள்வியின் பலத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். எல்ஐசி, தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் பங்கு வாங்கியதைப் பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. ராம் சுபக் சிங்கும் ஃபெரோஸ் காந்தியும் விடாமல் துருவினார்கள். விவகாரம் நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணை வரை போய், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆகவே நட்சத்திரக் கேள்வி என்றால் பதில் தாளோடு நிற்காமல், அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பையும் எடுங்கள். எழுதி வைத்து வாசித்ததைவிட, எதிர்பாராத துணைக் கேள்விக்குச் சொன்ன பதிலில்தான் பல நேரம் விஷயம் இருக்கும்.

இரண்டாம் படி: ஆவணத்தை எடுங்கள்

நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்துக்குப் போங்கள். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு, இரண்டிலும் தேட வேண்டும். கேள்விகளுக்கான பக்கத்தில் அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி, தலைப்புச் சொல் எனப் பல வழிகளில் தேடலாம். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ் வெளியீடுகளைப் பாருங்கள். எல்லாப் பதில்களும் அங்கே வருவதில்லை, வருபவையும் பெரும்பாலும் சுருக்கமே. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது மூலத்தைப் படியுங்கள்.

ஊர்ப் பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் கீழடியின் 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். தூத்துக்குடிக்கு இன்றும் பழைய ஆங்கிலப் பெயர் புழங்குகிறது. மூன்று நான்கு விதமாகத் தேடிப் பார்த்த பிறகே 'யாரும் கேட்கவில்லை' என்ற முடிவுக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: பதிலுக்கு முன் கேள்வியைப் படியுங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கேள்வியும் அ, ஆ, இ என்று உட்பிரிவுகளாக இருக்கும். பதிலில் பல நேரம் 'அ முதல் உ வரை' என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, திட்டத்தின் பெருமையை இரண்டு பத்தி எழுதியிருப்பார்கள். எந்த உட்பிரிவு நழுவிப் போனது என்பது அப்படிச் சேர்த்த இடத்தில்தான் மறைந்திருக்கும். ஒரு தாளில் உட்பிரிவுகளை வரிசையாக எழுதி, பதில் வந்ததற்கு நேரே டிக் போடுங்கள். டிக் விழாத வரியே உங்கள் அடுத்த கேள்வி.

சில வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாநிலத்துக்கான ரயில் திட்டங்களைப் பற்றிக் கேட்டால், 'திட்டங்கள் ரயில்வே மண்டல வாரியாகவே மேற்கொள்ளப்படுகின்றன, மாநில வாரியாக அல்ல. அவை மாநில எல்லைகளைக் கடந்து செல்லக்கூடும்' என்ற பொருளில் பதில் தொடங்கும். அதோடு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டில் முழுமையாகவோ பகுதியாகவோ அமையும் திட்டங்கள், அவற்றின் செலவு, நீளம் ஆகியவை பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருக்கும். மருத்துவமனை பற்றிக் கேட்டால் 'பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது' என்பார்கள். அது சரிதான். ஆனால் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் வழியாக மத்திய அரசு தரும் பணம் பற்றிக் கேட்டிருந்தால், அந்த வாசகம் கேட்டதற்குப் பதிலாகாது. 'கேள்வி எழவில்லை' என்று ஒற்றை வரி வந்தால் முந்தைய உட்பிரிவுக்குத் திரும்புங்கள். அங்கே 'இல்லை' என்று சொல்லியிருப்பார்கள்.

நான்காம் படி: ஆண்டு வாரியாக அடுக்குங்கள்

தனிப் பதில் அதிகம் பேசாது, வரிசையாக அடுக்கினால் பேசும். பழகிப் பார்க்க மதுரை எய்ம்ஸை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு வந்தது. 2018 டிசம்பரில் 1,264 கோடி ரூபாய் மதிப்பில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2021 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது. 2022இல் முதல் மாணவர் அணியின் வகுப்புகள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கின. 2022இல் முடிய வேண்டிய கட்டடத்துக்குப் பிறகு 2026 அக்டோபர் என்று தேதி சொன்னார்கள்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பதில் தேதி, அவையும் கேள்வி எண்ணும், திட்டச் செலவு, முடியும் தேதி, சொன்ன காரணம். எய்ம்ஸ் அமையும் தோப்பூரின் நிலம் முதல் கடன் ஒப்பந்தம் வரை ஒவ்வொரு பதிலையும் நிரப்பிக்கொண்டே வந்தால், தேதி எங்கே நகர்ந்தது, எந்தக் காரணம் எப்போது மாறியது என்பது கண்முன் நிற்கும். தென் மாவட்ட நோயாளிகள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததன் கணக்கு அந்த நோட்டில் இருக்கும் என்பதால், இந்த வேலையைச் சலிப்பாக நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பாதுகாப்புத் துறை

'தேசப் பாதுகாப்பு நலன் கருதி விவரங்களை வெளியிட இயலாது' என்ற வரியை இங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். படைகள் எங்கே நிற்கின்றன என்று சொல்லாமல் இருப்பது முறையே. ஆனால் அந்த வரியைக் கண்டதும் அதே பொருளில் பழைய பதில்களைத் தேடுங்கள். 2016 நவம்பரில் அப்போதைய இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே, பிரான்சிடம் வாங்கும் ரஃபேல் போர் விமானம் ஒன்றின் விலை ஏறத்தாழ 670 கோடி ரூபாய் என்று மக்களவையில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தார். 2018 பிப்ரவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில், பிரான்சுடன் 2008இல் செய்த ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைச் சுட்டி விலை விவரங்களைத் தர மறுத்தார். விமானத்தின் அடிப்படை விலை வேறு, ஆயுதங்களும் கருவிகளும் சேர்ந்த விலை வேறு என்பது அரசுத் தரப்பு வாதம். யார் பக்கம் நியாயம் என்பதை இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் (படைக் கருவிகள் தயாரிக்கும் தொழில்களுக்கான திட்டம்) பற்றிய பதில்களில் இன்னொரு கவனம் தேவை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனையங்களுக்கான முதலீட்டில், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எதிர்பார்க்கும் தொகை ஒன்று, உண்மையில் வந்து சேர்ந்த தொகை இன்னொன்று. செய்தித் தலைப்பில் பெரிய எண்ணே ஏறும்.

ஆறாம் படி: தொல்லியல் எண்களின் வரையறை

மத்தியப் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் காணாமல் போனவை 24 என்று ஓரிடத்திலும், 50 என்று ஓரிடத்திலும், 92 என்று இன்னோரிடத்திலும் படிப்பீர்கள். மூன்றும் வெவ்வேறு கணக்குகள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013 அறிக்கையில், நேரில் ஆய்வு செய்தவற்றில் 92 இல்லை என்றார். பிறகு தொல்லியல் துறை அவற்றில் 42ஐக் கண்டுபிடித்தது. மீதி 50இல் 14 நகரமயமாதலில் அழிந்தவை, 12 அணை நீரில் மூழ்கியவை, எங்கே என்றே தெரியாதவை 24. அமைச்சர் '24' என்று மட்டும் சொன்னால் பொய் இல்லை, ஆனால் இழப்பு 50.

இந்தக் கணக்கு 2022 டிசம்பரில் எம்.பி.க்கள் அடங்கிய நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் வந்தது. அப்போது மொத்தமிருந்த 3,693 சின்னங்களுக்கு 7,000 காவலர் தேவைப்பட்டார்கள், பணப் பற்றாக்குறையால் 248 இடங்களில் 2,578 பேரே இருந்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது. கேள்வி–பதிலோடு நிலைக்குழு அறிக்கையையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஏழாம் படி: உறுதிமொழியைக் கண்டுபிடியுங்கள்

'தகவல் திரட்டப்படுகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் சொன்னால் பலர் ஏமாற்றத்தோடு மூடிவிடுகிறார்கள். இத்தகைய சொற்கள் நாடாளுமன்ற நடைமுறையில் அரசின் உறுதிமொழியாகக் கொள்ளப்படலாம். அப்படிக் கொண்டால் மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல். பதில் தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு குழுவின் அறிக்கைகளில், உங்கள் உறுதிமொழி நிறைவேறியதா, நிலுவையா, கைவிடப்பட்டதா என்று தேடுங்கள்.

எட்டாம் படி: உங்கள் கேள்வியை எழுதி எம்.பி.யிடம் கொடுங்கள்

குடிமக்கள் நேரடியாகக் கேட்க முடியாது, உறுப்பினர் மூலமாகவே போக வேண்டும். மக்களவைக்கான கேள்வி வழக்கமாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. ஒரு மாதிரி:

பண்பாட்டுத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) தமிழ்நாட்டில் மத்தியப் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் முழுநேரக் காவலர் உள்ளவை எத்தனை, மாவட்ட வாரியாக;
(ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் காவல் பணிக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், ஆண்டு வாரியாக;
(இ) காவலர் இல்லாத ஒவ்வொரு சின்னத்தையும் அதிகாரிகள் கடைசியாக நேரில் ஆய்வு செய்த தேதி?

'நடவடிக்கை எடுக்குமா' என்று கேட்டால் 'தேவையான நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்றே வரும். எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதி என்று கேளுங்கள். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதன்பிறகு எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதற்குக் குலுக்கலும் உண்டு. அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மக்களவை உறுப்பினருக்கு ஒரு பிரதி, தமிழ்நாட்டின் மாநிலங்களவை உறுப்பினர்களில் அந்தத் துறையில் அக்கறை காட்டுபவருக்கு இன்னொரு பிரதி. யாருக்கு அக்கறை என்பது, இரண்டாம் படியில் சொன்ன உறுப்பினர் பெயர்த் தேடலில் தெரிந்துவிடும்.