பக்கத்து மனையில் பள்ளம் தோண்டி நம் வீட்டுச் சுவர் விரிசல் விட்டுவிட்டால் என்ன செய்வது

பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்பினார்கள். விரிசல் கண்ணில் படுவதற்கு நாலு நாள் முன்பே எங்கள் பின்கட்டுக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு சாத்த முடியாமல் போனது. மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிட்டோம். உண்மையில் சுவர் இறங்கியிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்த முதல் அடையாளத்தை நாங்களே அழித்துவிட்டோம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பக்கத்தில் பள்ளம் திறந்திருக்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. அப்போது வேலையை நிறுத்தலாம், முட்டுக் கொடுக்கச் சொல்லலாம், கான்ட்ராக்டரும் தினம் சைட்டில் இருப்பார். மண்ணை மூடித் தளம் போட்டுவிட்டால், "உங்க வீடு பழசு, அதான் விட்டுடுச்சு" என்ற ஒரே பதில்தான் வரும்.

வீட்டை இடிக்கத் தொடங்கியதுமே போய்ப் பேசிவிடுங்கள், சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம். "அண்ணே, வீடு கட்டுறீங்க, சந்தோஷம். தோண்டுறதுக்கு முன்னாடி உங்க மேஸ்திரியோட ஒரு தடவை உள்ள வந்து எங்க சுவரைப் பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டால் யாரும் மறுப்பதில்லை. அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு சுவரையும், தளத்தையும், தரையையும், தண்ணீர்த் தொட்டியையும் போனில் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற விரிசலையும் மறைக்காமல் எடுங்கள், பழையதைப் பழையது என்று ஒப்புக்கொண்டால்தான் புதியதைப் புதியது என்று சொல்லும்போது நம்புவார்கள். படங்களை அழிக்காமல் போனிலேயே வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி விவரம் தங்காது.

வட சென்னையில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் கடலோரத்து மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் ஆழமில்லாத அஸ்திவாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை ராத்திரி பகலாக மோட்டார் வைத்து இறைக்கும்போது அதோடு பொடி மணலும் வந்துவிடுகிறது. மோட்டார் ஹோஸ் கால்வாயில் விழுகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் பரவாயில்லை. கலங்கலாக வந்து அடியில் மணல் திட்டுக் கட்டினால் அது உங்கள் வீட்டுக்கு அடியிலிருந்தும் வரலாம். அதை வீடியோ எடுத்துக்கொண்டு உடனே பேச வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

விரிசலிலும் வித்தியாசம் உண்டு. தளத்துக்குக் கீழே நேர்கோடாக ஓடுகிற மெல்லிய கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினாலோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கினாலோ சுவர் அமுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் அசையாமல் ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அம்மா வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிய துண்டு ஆறாம் நாள் உடைந்தது, அதுவரை வாய் வார்த்தையாக இருந்த விஷயம் அன்றோடு மாறியது.

எந்தக் காரணத்துக்காகவும் பதிவு செய்யாமல் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். "நாங்களே பூசித் தர்றோம்" என்று கொத்தனாரை அனுப்புவார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். முதலில் கட்டடத்தின் உறுதியைக் கணக்கிடுகிற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து அளவோடும் காரணத்தோடும் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். தளம் தொங்குகிறது, விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிறது என்றால் அந்த அறையைக் காலி செய்துவிடுங்கள், வழக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டு உரிமையாளர், கான்ட்ராக்டர் இருவருக்கும் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். என்ன சேதம், என்று தெரிந்தது, உடனே என்ன செய்ய வேண்டும், இவ்வளவு போதும். சட்டத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. பக்கத்து மண் உங்கள் மண்ணைத் தாங்கி நிற்பது, அக்கம்பக்கத்து நிலத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி, உங்கள் நிலத்துக்கு இயல்பான உரிமை. கட்டடத்துக்கும் சேர்த்து அந்தத் தாங்குதல் தடையில்லாமல் 20 வருடம் கிடைத்திருந்தால் அதுவும் உரிமையாகிவிடுகிறது. அதனால் "பழைய வீடு" என்று அவர்கள் சொல்வது பல நேரம் உங்கள் பக்கத்து வாதமாகவே மாறும்.

பதில் வரவில்லையா, சென்னை மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே புகாரை மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து சீல் போட்ட நகல் வாங்குங்கள். அனுமதி இல்லாமலோ அனுமதியை மீறியோ கட்டினால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அனுமதி வரைபடத்தின் நகல் வேண்டுமென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆட்கள் மேல் இடிந்து விழும் அளவுக்கு அலட்சியமாக வேலை நடந்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 290ஆவது பிரிவு கட்டட வேலையில் நடக்கிற அலட்சியத்தைப் பற்றியதுதான். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்படியும் தோண்டிக்கொண்டே இருந்தால் வக்கீலைப் பிடித்து சிவில் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேளுங்கள், கூடவே அட்வகேட் கமிஷனரை, அதாவது கோர்ட் நியமிக்கிற ஒரு வக்கீலை, அனுப்பச் சொல்லி மனுப் போடுங்கள். கமிஷனர் நேரில் வந்து பள்ளத்தையும் விரிசலையும் பார்த்துக் கோர்ட்டுக்கே அறிக்கை கொடுப்பார், பள்ளம் மூடிய பிறகு அதற்கு ஈடாக எதுவும் கிடைக்காது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. நஷ்ட ஈட்டு வழக்குக்குப் பொதுவாக 3 வருடக் கெடு.

பெரும்பாலும் கோர்ட் வரை போகாமலே பேசி முடியும். முடிந்தால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுங்கள், பூச்சு வேலைக்கு மட்டும் தொகை பேசிவிடாதீர்கள். அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது, கதவு நிலை, ஒயரிங், குழாய், வீடு மாறியிருந்தால் அந்த வாடகை எல்லாம் அதில் வர வேண்டும், பின்னால் புதிதாக விரிசல் வந்தால் யார் பொறுப்பு என்ற வரியும் வேண்டும்.

பணம் வந்த வேகத்தில் பூசவும் வேண்டாம். மண் முழுதாக அடங்க நாள் பிடிக்கும். புதிய கண்ணாடித் துண்டு ஒட்டி, ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அது உடையாமல் நின்றால், அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.