லாங்கர்ஹான்ஸ் செல் தோலிலேயே பிறந்ததா, ரத்தத்தில் வந்ததா? கண்டுபிடிக்கும் முறை

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். சுண்டெலியின் காது மடலை உரித்து, மேல்தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் (கிளைத்த நோய் எதிர்ப்புச் செல்கள்) அங்கேயே பெருகியவையா, எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தம் வழியாக வந்தவையா என்று சொல்ல வேண்டும். வெறும் எண்ணிக்கையைக் கொண்டுவந்து நீட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நூறு செத்து நூறு வந்திருந்தாலும் எண்ணினால் நூறுதான்.

எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ், அப்போது மருத்துவ மாணவர், தங்கக் குளோரைடில் தோலைச் சாயமேற்றி இந்தக் கிளைத்த செல்களைப் பார்த்தார். நரம்புச் செல் என்றே நினைத்தார். நோய் எதிர்ப்புச் செல் என்று தெரிய நூறு ஆண்டு பிடித்தது. தெரிந்த பிறகும், மஜ்ஜைதான் இவற்றை ஓயாமல் அனுப்புகிறது என்று பலரும் நம்பினார்கள். 2002-இல் எலி ஆய்வுகள் அதைப் புரட்டிப்போட்டன. கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜையை மாற்றிய எலிகளில், ரத்தம் முழுக்கக் கொடையாளியுடையதாகி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் பழைய எலியுடையவையாகவே இருந்தன. மனிதரிலும் இப்படித்தான்: கை மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவரின் பொருத்தப்பட்ட கையில், 10 ஆண்டுக்குப் பிறகும் கொடையாளியின் லாங்கர்ஹான்ஸ் செல்களே இருந்தன.

இவற்றின் மூதாதையர் கருவில் வந்து சேர்பவர்கள். முதலில் கருவோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையிலிருந்து (yolk sac) ஒரு கூட்டம், பிறகு கரு ஈரலின் மோனோசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணு). வளர்ந்த எலியில் நிலைப்பது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தின் வாரிசுகள். பிறந்த முதல் வாரத்தில் வேகமாகப் பெருகும். அப்புறம் வாழ்நாள் முழுக்க மெதுவான பிரிதல்தான். பக்கத்திலிருக்கும் கெரட்டினோசைட்டுகள் (மேல்தோலின் பெரும்பகுதியான செல்கள்) சுரக்கும் ஐஎல்-34 என்ற சமிக்ஞைப் புரதம் இல்லையென்றால் மேல்தோலில் இவை கிட்டத்தட்டக் காணாமல் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். விலங்கு ஆய்வுக்கான அனுமதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். காதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே முடி குறைவு. முதுகுத் தோலுக்கு முடி நீக்கும் க்ரீம் தடவினால் அதுவே அழற்சியைக் கிளப்பிவிடும்.

காது மடலின் வெட்டிய ஓரத்தில் இரண்டு நுனிக் கூர் ஃபோர்செப்ஸால் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாகப் பிரியுங்கள். குருத்தெலும்பு ஒரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். குருத்தெலும்பு இல்லாத பாதி எளிதாக உரியும் என்பதால் எனக்கு எப்போதும் அதுதான். 0.5 மோலார் அம்மோனியம் தயோசயனேட் கரைசலில், அடித்தோல் கீழே இருக்கும்படி மிதக்கவிட்டு, 37 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். அந்தக் கரைசலை அமிலத்தோடும் ப்ளீச்சோடும் சேர விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

உரிக்கும்போது அவசரம் கூடாது. துண்டை பெட்ரி டிஷ்ஷில் மேல்தோல் மேலே வரும்படி விரித்து, ஒரு ஃபோர்செப்ஸால் அடித்தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதால் ஓரத்தை லேசாகத் தூக்குங்கள். நேரம் சரியாக இருந்தால் மெல்லிய, சற்றே மங்கலான ஏடு ஒரே துண்டாக வரும். வெள்ளையான, கனமான அடித்தோல் கீழே தங்கிவிடும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கரைசலில் போடுங்கள். பலவந்தமாக இழுத்தால் கிழியும், இல்லாவிட்டால் அடித்தோலின் நார்களும் கூடவே வந்து கணக்கைக் கெடுக்கும். அடித்தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கழுவி, அசிட்டோனில் நிலைப்படுத்துங்கள். கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். பாலிஸ்டைரீன் தட்டு கரைந்து வழியும். அசிட்டோன் செல்லைத் துளைத்தும் விடும். லாங்கரின் (இந்தச் செல்களின் அடையாளப் புரதம்) பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருப்பதால் அது தேவையும்கூட. பிறகு லாங்கரினுக்கும் எம்.எச்.சி. இரண்டாம் வகுப்புக்கும் (நோய் எதிர்ப்புச் செல்லின் மேற்பரப்புப் புரதம்) அவற்றில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடி போட்டு, உட்பக்கம் கவர்ஸ்லிப்பைப் பார்க்கும்படி ஸ்லைடில் ஏற்றுங்கள். சீரான இடைவெளியில் கைகளை விரித்த செல்கள் தெரியும். இடையிடையே வட்டமான ஓட்டைகள் இருந்தால் அவை முடிக்கால்கள்.

வளர்ந்த எலிக்கு இது போதும். பிறந்த குட்டியின் தோலில் எம்.எச்.சி. மட்டும் தேடினால் வெறுமையாகத்தான் இருக்கும். முன்னோடிச் செல்கள் அப்போது அதைக் காட்டுவதில்லை. சிடி45 (வெள்ளணுக்களின் பொது அடையாளப் புரதம்), எஃப்4/80 (எலியின் மேக்ரோஃபேஜ் வகைச் செல்களின் அடையாளம்) இரண்டுக்கும் ஆன்டிபாடி சேருங்கள். இன்னொரு குழப்பம்: எலியின் மேல்தோலில் கிளைத்த காமா-டெல்டா டி செல்களும் (வேறொரு வகை நோய் எதிர்ப்புச் செல்) உண்டு. அவையும் கருவில் வந்து குடியேறியவை, சிடி45-ம் காட்டும். மனிதரில் அந்த வகை இல்லை.

பிறப்பிடம் அறிய, எந்த எலியின் செல் என்று காட்டும் சிடி45-இன் இரண்டு வடிவங்கள் (45.1, 45.2) உதவும்: சிடி45.2 எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, மற்றபடி ஒரே மரபுடைய சிடி45.1 எலியின் மஜ்ஜையைச் செலுத்துங்கள். வேறு மரபினத்தின் மஜ்ஜையில் டி செல்கள் கலந்திருந்தால் அவையே பழைய லாங்கர்ஹான்ஸ் செல்களை அழித்துவிடும், முடிவு தலைகீழாகும். இரண்டு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் காதை எடுங்கள். இங்கேதான் அந்த அடித்தோல் வேண்டும். அங்கிருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் (அதுவும் கிளைத்த நோய் எதிர்ப்புச் செல்தான்) குறுகிய ஆயுள் உள்ளவை, மஜ்ஜையிலிருந்தே நிரம்புபவை. அடித்தோலில் சிடி45.1 நிறைய, மேல்தோலில் கிட்டத்தட்ட இல்லை என்றால் முடிவை நம்பலாம். இரண்டிலும் இல்லையென்றால் மஜ்ஜை ஒட்டவில்லை அல்லது ஆன்டிபாடி வேலை செய்யவில்லை. இந்த ஒப்பீடு இல்லாத படத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அழற்சி வந்தால் விடை மாறும். அதே எலியின் காதில் புற ஊதாக் கதிர் பட்டு லாங்கர்ஹான்ஸ் செல்கள் பெருமளவு போய்விட்டால், காலியிடத்துக்கு ரத்தத்திலிருந்து ஆள் வரும். ஏட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் முடிக்கால்களின் விளிம்பு. அங்குள்ள கெரட்டினோசைட்டுகள்தான் கெமோக்கைன் (செல்களை ஈர்க்கும் புரதம்) சுரந்து இவற்றை அழைக்கின்றன. புதியவை அந்த ஓட்டைகளைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும். ஆனால் முதலில் வருபவை மோனோசைட்டிலிருந்து வந்தவை, லாங்கரின் மங்கலாக இருக்கும், நீண்ட நாள் தங்குவதில்லை. நிலைத்துத் தங்குபவை அடுத்த அலையில் வரும். அதனால் எலிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றை முதல் வாரத்திலும் மற்றதை சில வாரம் கழித்தும் எடுங்கள்.