கேனின் அடியைப் பார்க்காமல் மார்க் போடாதீர்கள்

கலிபோர்னியாவுக்கு வந்த புதிதில் ஐபிஏ என்ற கசப்பு பீர் ஒரு கேன் வாங்கினேன். நாலு மடக்கு குடித்துவிட்டு, 'நனைந்த அட்டைப்பெட்டியில் தேனைத் தடவியது மாதிரி இருக்கிறது' என்று எழுதி 5க்கு 2 போட்டேன். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் கேனைக் குப்பையில் போடும்போது அடியைப் பார்த்தால், அதை அடைத்து 11 மாதம் ஆகியிருந்தது. நான் மார்க் போட்டது பீருக்கு இல்லை, கடை அலமாரிக்கு.

அமெரிக்காவின் சின்ன ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீரைக் குடித்துப் பார்த்து எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஐபிஏ போல, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்தை நம்பியிருக்கும் பீர் கீரைக்கட்டு மாதிரி, நாள் ஆக ஆக வாடும். கேனுக்குள் கொஞ்சம் ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டாலே போதும்; முதலில் பழவாசனை போகும், அப்புறம் தேன் மாதிரி ஒரு மந்தமான இனிப்பு வரும், கடைசியில் அட்டை. ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் கம்பெனி காய்ச்சும் 'ப்ளைனி தி எல்டர்' பாட்டிலின் லேபிளில், எடுத்து வைக்காதே, புதிதாகவே குடி என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். ஸ்டோன் கம்பெனியின் 'என்ஜாய் பை' ஐபிஏவுக்கு, எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அதுதான் பெயரே.

சில கேன்களில் தேதி நேராக இருக்காது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் அடித்திருப்பார்கள்: 074 என்றால் மார்ச் 15 (லீப் வருடத்தில் 14). எல்லாப் பீருக்கும் இந்த அவசரம் கிடையாது. சியரா நெவாடா கம்பெனியின் 'பிக்ஃபுட்' போன்ற, பார்லிவைன் என்ற கடும் பீரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஃப்ரீசரில் உறைய வைத்த கிளாஸ். பார்க்க அழகு, மணத்துக்கு எமன். நாக்கு மரத்துப்போகும் குளிரில் எல்லாப் பீரும் ஒன்றுதான். பேல் ஏல் என்ற இளநிற பீர் வகைக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ், ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீருக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால், கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. அப்போது நுரை நிற்கவில்லை என்று பீரைத் திட்டுவது நியாயமில்லை. கேனிலிருந்தே குடித்தால் மூக்குக்கு வேலையே இருக்காது. வெர்மான்டின் 'ஹெடி டாப்பர்' கேனில் மட்டும் 'கேனிலிருந்தே குடி' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம். நான் கிளாஸில்தான் ஊற்றுகிறேன்.

கலங்கலைக் குறையாக எழுதுவதும் நிறைய நடக்கிறது. ஹேஸி ஐபிஏ என்ற வகை கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். மெயின் மாநிலத்தின் 'அலகாஷ் ஒயிட்' கோதுமை பீரும் அப்படித்தான். லேசான லாகர் பீரை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டவுட்டுக்கு மார்க் போடுவது, ரசத்தில் பருப்பு கெட்டியாக இல்லை என்பதைப் போல. போட்டிகளில் பீர் நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி மதிப்பெண் தாளில் 50க்குச் சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. கேன் மேல் உள்ள ஓவியத்துக்கு ஒன்றும் கிடையாது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இரவல் வார்த்தைகள். கண்ட பீருக்கெல்லாம் 'சிட்ரஸ்', 'ஸ்மூத்' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? எந்த சிட்ரஸ்? எலுமிச்சையா, சாத்துக்குடியா, நார்த்தங்காயா? சிகோ நகரத்தில் 1980இல் தொடங்கி இன்றுவரை காய்ச்சப்படும் சியரா நெவாடா பேல் ஏலை மோந்து பாருங்கள். அதில் இருக்கும் காஸ்கேட் ஹாப்ஸின் மணத்தை அமெரிக்கர்கள் கிரேப்ஃப்ரூட் என்பார்கள். எனக்கு அது பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியதும் வருகிற வாசனை. அலகாஷ் ஒயிட்டில் நிஜமாகவே தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். தனியா வறுக்கிற வீட்டில் வளர்ந்த மூக்குக்கு அதைக் கண்டுபிடிக்க யார் உதவியும் வேண்டாம். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சியரா நெவாடா பேல் ஏலைச் சுருதிப்பெட்டி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடக் கசப்பா, இனிப்பா, கனமா என்று மற்றதை அதோடு ஒட்டி எழுதலாம்.

குறை சொல்லும்போது அது யார் குறை என்றும் பார்க்க வேண்டும். வேகவைத்த மக்காச்சோள வாசனை பெரும்பாலும் காய்ச்சிய இடத்தில் வந்தது. தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை அங்கேயும் வந்திருக்கலாம், பாரில் கழுவாத டேப் குழாயிலும் வந்திருக்கலாம். பச்சை பாட்டிலிலோ வெள்ளை பாட்டிலிலோ ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் அடித்தால், ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வரிசையும் முக்கியம். பீர் ஆலையின் டேப்ரூம் என்ற பாரில் நாலைந்து குட்டிக் கிளாஸ்களைப் பலகையில் அடுக்கித் தருவார்கள். ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தொடும் 'போர்பன் கவுண்டி' போன்ற ஸ்டவுட்டில் ஆரம்பித்தால், பின்னால் வரும் லேசான பில்ஸ்னர் பீர் தண்ணீராகத் தெரியும். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள். நாலாவது கிளாஸுக்கு மேல் எழுதியதை நான் மறுநாள் நம்புவதில்லை. கார் சாவி அன்றைக்கு வேறு ஆளிடம் இருக்கட்டும்.

அந்த முதல் ஐபிஏவைப் பிறகு தேடிப்பிடித்து, அடைத்து மூன்று வாரமே ஆன கேனாக வாங்கினேன். அட்டை இல்லை, தேன் இல்லை, மாம்பழமும் பைன் மரமுமாக மணத்தது. 3 போட்டேன். கசப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.