சிவப்பு விளக்கு கண்ணடித்தபோது

பவர் பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு வினாடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். திரையில் வெறும் நிறம் வந்து வந்து போகும். என் பழைய வீடியோ கேம் கருவி நின்டெண்டோ என்இஎஸ் இப்படித்தான் அடம்பிடித்தது. பிராசசரே போய்விட்டது என்று முதலில் பயந்தேன். விஷயம் வேறு.

1983-ல் ஜப்பானில் ஃபேமிகாமாக வந்த கருவி, 1985-ல் என்இஎஸ் ஆக அமெரிக்காவுக்குப் போனபோது அதற்குள் ஒரு காவல் சிப் சேர்ந்துகொண்டது. கேம் கேசட்டுக்குள் அதற்கு ஒரு ஜோடி உண்டு. இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு தடைப்பட்டால் காவல் சிப் பிராசசரை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணடிப்பு அதுதான். ஆக, பார்க்க வேண்டியது கேசட் செருகும் 72 பின் கனெக்டரை.

குற்றவாளி நானேதான். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவது என் பழக்கம் (யாருக்குத்தான் இல்லை?). அந்த ஈரமும் பல வருடத் தூசியும் சேர்ந்து தொடுமுனைகளில் அழுக்காகப் படிந்திருந்தன.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் கேசட்டின் முனைகளைத் துடைத்தேன். பஞ்சு கரிக்கட்டையாக வந்தது. அப்புறம் திருகுகளைக் கழற்றி, கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தேன். காயவிடுவதில் மட்டும் அவசரமே கூடாது. நான் இரண்டு நாள் பொறுத்தேன்.

திரும்பப் பூட்டி பட்டனை அமுக்கினேன். விளக்கு அசையாமல் நின்றது. ஒரே ஒரு கேசட் மட்டும் இன்னும் முரண்டு பிடித்தது. சரி, அதையும் இன்னொரு முறை துடைத்தேன். ஊதவில்லை.