வசனச் சுவரில் பெயிண்ட் உப்பியது: என் அனுபவம்

காட்பாடிப் பக்கம் எங்கள் ஆலயத்தின் பழைய சுண்ணாம்புச் சுவரில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் (அந்த ஆண்டுக்கென எடுக்கும் பைபிள் வசனம்) எழுதினேன். நான்காம் நாளே கீழ்வரி மட்டும் உப்பி உதிர்ந்தது. சுரண்டி பிரைமர் இரண்டு கோட் அடித்தும் அதே கதை. எனாமலில் எழுதினால் ஏடாக உரிந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு அடி சதுர பாலிதீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டேன். உள்பக்கம் வியர்த்திருந்தது. அப்படியானால் ஈரம் சுவருக்குள்ளிருந்துதான். வெளியே போய்ப் பார்த்தேன்: பூச்செடிப் பாத்தி மண் சுவரோடு இரண்டடி அணைந்து கிடந்தது, தினமும் தண்ணீர் வேறு. கீழ்வரி அதற்குச் சற்று மேலே!

மண்ணை ஒதுக்கினேன். ஈரத்தோடு வந்து சுவரில் வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் மட்டுமே தட்ட வேண்டும். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே இறங்கும். மூன்று வாரம் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, செங்காவி கலந்த சுண்ணாம்பிலேயே எழுதினேன். சுண்ணாம்பு வழியே ஈரம் வெளியேற வழி இருப்பதால் எழுத்து நிற்கிறது. அப்பாடா.